‘நோ எரர்’ என்று போட்டே மார்க்கை இழக்கிறேன்: ஆங்கிலப் பிழைத்திருத்தம் படிப்பவர்கள் வாருங்கள்

சிவகாசி மத்தாப்பு:

வணக்கம். தமிழ் வழியில் படித்தவன். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் தேர்வுக்கு இரண்டாவது முறையாகத் தயாராகிறேன். கணக்கும் ரீசனிங்கும் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. ஆங்கிலத்தில்தான் கப்பல் கவிழ்கிறது.

நேற்று எழுதிய மாதிரித் தேர்வில், வாக்கியத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கொடுத்து எந்தத் துண்டில் பிழை என்று கேட்கும் கேள்விகள் ஐந்து வந்தன. நான்கு தவறு. கேள்விக்கு 2 மார்க், தவறுக்கு அரை மார்க் கழிவு. வரவேண்டிய 8 வரவில்லை, இருந்ததிலும் 2 போயிற்று. இதில் மூன்று கேள்விகளுக்கு நான் குறித்த விடை ‘நோ எரர்’. படிக்கும்போது எல்லாமே சரியாகத்தான் தெரிகிறது, அதுதான் என் வியாதி.

வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். வாய்விட்டுப் படித்துப் பார்க்க எனக்கு இதுதான் வசதி.

1. தி மினிஸ்டர் / டிஸ்கஸ்டு அபவுட் தி ஃப்ளட் ரிலீஃப் / வித் தி கலெக்டர்ஸ்.
2. ஐ ஆம் லிவிங் / இன் மதுரை / ஃபார் தி லாஸ்ட் ஃபைவ் இயர்ஸ்.
3. தி கேப்டன், அலாங் வித் ஹிஸ் பிளேயர்ஸ், / ஆர் வெயிட்டிங் / அட் தி ஏர்போர்ட்.
4. நெய்தர் தி டீச்சர் / நார் தி ஸ்டூடண்ட்ஸ் / ஆர் ரெடி.

நான்காவதில் ‘ஆர்’ தவறு, ‘இஸ்’ வரவேண்டும் என்று குறித்தேன். பிழையே இல்லையாம். பிழை இருக்கும் இடத்தில் கண் தெரியவில்லை, இல்லாத இடத்தில் பேய் தெரிகிறது. வழி சொல்லுங்கள்.

நூறு விதி நாயகன்:

தம்பி, சுற்றி வளைக்காதே. ஆங்கிலப் பிழைத்திருத்தத்துக்கு மொத்தம் நூறு விதிகள். என்னிடம் பிடிஎஃப் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஐந்து விதி, இருபது நாளில் மனப்பாடம். முதல் வாக்கியத்துக்கு 12ஆம் விதி, இரண்டாவதற்கு 31. தீர்ந்தது கதை.

சிவகாசி மத்தாப்பு:

அண்ணா, அந்த பிடிஎஃப் என்னிடமும் இருக்கிறது. விதி தெரியும். வாக்கியத்தைப் பார்த்தால் எந்த விதி என்று தோன்றுவதில்லை. இரண்டாவது வாக்கியத்தைப் பத்து முறை படித்தேன். இப்போதும் சரியாகத்தான் காதில் விழுகிறது.

கோப்புக்காரன்:

சரியாகக் காதில் விழுவதற்குக் காரணம் இருக்கிறது, தம்பி. அந்த வாக்கியம் ஆங்கில உடுப்பு போட்ட தமிழ். ‘ஐந்து ஆண்டுகளாக மதுரையில் வசிக்கிறேன்’ என்பதை அப்படியே வார்த்தைக்கு வார்த்தை மாற்றியிருக்கிறார்கள். தமிழில் அது பிழையற்ற வாக்கியம். அதனால்தான் உன் காது ஆட்சேபிக்கவில்லை.

நானும் தமிழ் வழிதான். சிஜிஎல் எழுதித்தான் ஆறு வருடமாக மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்பு புரட்டுகிறேன். மூன்றாவது முயற்சியில் தேறினேன். அப்போது கண்டுபிடித்த வழி இது: ஆங்கில வாக்கியம் ரொம்ப இயல்பாகத் தோன்றினால் உடனே சந்தேகப்படு. மனதுக்குள் தமிழாக்கிப் பார். தமிழோடு மடிப்புக் கலையாமல் பொருந்தினால் பெரும்பாலும் அங்கேதான் கண்ணி இருக்கும்.

சின்ஸ், ஃபார் இரண்டையும் எடுத்துக்கொள். தமிழ் இதில் நமக்குப் பாதி உதவி செய்கிறது. ‘ஆக’ என்று முடிந்தால் ஃபார்: ஐந்து ஆண்டுகளாக, மூன்று நாட்களாக, வெகுநேரமாக. ‘முதல்’ அல்லது ‘இலிருந்து’ வந்தால் சின்ஸ்: 2019 முதல், காலையிலிருந்து, திங்கட்கிழமையிலிருந்து. ‘சின்ஸ் லாங்’ என்று ஒரு பிழையைத் தேர்வில் அடிக்கடி வைப்பார்கள். ‘நெடுநாளாக’ என்று சொல்லிப் பார், ‘ஆக’ வந்துவிட்டது. எனவே ‘ஃபார் எ லாங் டைம்’.

ஆனால் வினைச்சொல்லில் தமிழ் நம்மைப் பாதி வழியில் இறக்கிவிட்டுப் போய்விடும். நமக்கு ‘வசிக்கிறேன்’ என்ற நிகழ்காலமே போதும். ஐந்து ஆண்டுக்கு முன் தொடங்கி இன்றுவரை நீளும் செயலுக்கு ஆங்கிலத்தில் ‘ஹேவ் பீன் லிவிங்’ வேண்டும். கால அளவைச் சொல்லும் ‘ஆக’வையோ ‘இலிருந்து’வையோ பார்த்தவுடன் வினைச்சொல்லுக்குத் திரும்பி ‘ஹேவ் பீன்’ இருக்கிறதா என்று பார். இந்த ஒரு பழக்கம் எனக்கு எத்தனை மார்க் வாங்கிக் கொடுத்தது என்று கணக்கே இல்லை.

ஓய்வுபெற்ற டீச்சர்:

கோப்புக்காரன் தம்பி சொல்வது சரி. முதல் வாக்கியத்தை நான் எடுத்துக்கொள்கிறேன். முப்பத்து நான்கு வருடம் பள்ளியில் ஆங்கிலம் நடத்தினேன். ‘டிஸ்கஸ் அபவுட்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்தே என் கை தேய்ந்தது.

‘பற்றி’ என்ற தமிழ்ச்சொல் மட்டும் இதற்குக் காரணமல்ல. பெயர்ச்சொல்லுக்கு உரிய ஒட்டு வினைச்சொல்லுக்குத் தாவிவிடுகிறது. ‘எ டிஸ்கஷன் அபவுட் ஃப்ளட் ரிலீஃப்’ சரி, ஏனென்றால் டிஸ்கஷன் பெயர்ச்சொல். அதுவே வினையாகும்போது ‘டிஸ்கஸ்டு தி ஃப்ளட் ரிலீஃப்’. இடையில் யாரும் வரக்கூடாது. இதே குடும்பத்தில் இன்னும் பலர் இருக்கிறார்கள். ‘ஆன் ஆர்டர் ஃபார் டூ காபீஸ்’, ஆனால் ‘ஹி ஆர்டர்டு டூ காபீஸ்’. ‘எ ரிக்வெஸ்ட் ஃபார் லீவ்’, ஆனால் ‘ஹி ரிக்வெஸ்டட் லீவ்’. ‘எம்ஃபசிஸ் ஆன் கிராமர்’, ஆனால் ‘ஷி எம்ஃபசைஸ்டு கிராமர்’. ‘என்ட்ரி இன்டு தி ஹால்’, ஆனால் ‘தே என்டர்டு தி ஹால்’. ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு மட்டும் ‘என்டர் இன்டு ஆன் அக்ரிமென்ட்’ சரி. தேர்வு வைப்பவருக்கு அந்த விதிவிலக்கின் மேல் தனிப் பிரியம் உண்டு.

சேர்ந்து படிக்கும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: பெயரா வினையா என்று முதலில் பாருங்கள். பிடிஎஃப்பில் 12ஆம் விதி என்று எண் போட்டிருப்பவர் இந்தக் காரணத்தைச் சொல்லியிருக்கிறாரா?

நூறு விதி நாயகன்:

காரணம் இல்லை டீச்சர். ‘பின்வரும் 18 சொற்களுக்குப் பின் முன்னிடைச்சொல் வராது’ என்று பட்டியல் மட்டும் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்க்கட்சி:

எல்லாரும் சேர்ந்து தமிழைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். நான் வக்கீலாக வருகிறேன்.

மூன்றாவது வாக்கியம். ‘பிள்ளைகளுடன் அம்மா வந்தாள்.’ யாராவது இதை ‘பிள்ளைகளுடன் அம்மா வந்தார்கள்’ என்று எழுதுவோமா? ‘உடன்’ ஒட்டிக்கொண்டவர் கூட வந்தவர்தான், எழுவாய் அல்ல. வினைமுற்று அம்மாவுக்குத்தான் பதில் சொல்லும். ‘அலாங் வித் ஹிஸ் பிளேயர்ஸ்’ என்பதும் அச்சாக அதுவே. எத்தனை வீரர்கள் பின்னால் நின்றாலும் எழுவாய் கேப்டன் ஒருவர், ஆகவே ‘இஸ் வெயிட்டிங்’. ‘டுகெதர் வித்’, ‘அக்கம்பனீடு பை’, ‘ஆஸ் வெல் ஆஸ்’ எல்லாவற்றுக்கும் இதே ஞாயம்தான்.

அடுத்து, ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட் இஸ் எ டாக்டர்’. தேர்வில் ஆயிரம் முறை வந்த பிழை. ‘என் நண்பர்களில் ஒருவர் டாக்டர்’ என்று தமிழில் சொல்லுங்கள். ‘நண்பரில் ஒருவர்’ என்று யார் வாயிலும் வராது. ‘நண்பர்களில்’ பன்மை, ‘ஒருவர்’ ஒருமை. ‘ஃபிரெண்ட்ஸ்’ பன்மை, ‘இஸ்’ ஒருமை. தமிழே விடையைத் தட்டில் வைத்துக் கொடுக்கிறது.

நடுப்பெஞ்சு:

எதிர்க்கட்சி கட்சியில் நானும் சேர்கிறேன். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன், ஐ வுட் ஹேவ் கம்’ என்று ஒரு பிழை வருமே. தமிழில் ‘தெரிந்திருந்தால் வந்திருப்பேன்’. ‘ஆல்’ இருக்கும் பக்கம் ‘இருப்பேன்’ வராது. அதுபோல ‘இஃப்’ இருக்கும் பக்கம் ‘வுட்’ வராது, ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்றே வரும். ‘மழை பெய்தால் போகமாட்டேன்’ என்பதிலும் ‘பெய்தால்’ பக்கத்தில் எதிர்காலம் இல்லை. அதனால் ‘இஃப் இட் வில் ரெயின்’ நம் காதிலேயே உறுத்தவேண்டும். எனக்கு உறுத்துகிறது.

கோப்புக்காரன்:

வக்கீல் வாதம் அருமை. ஆனால் கட்சிக்காரர் முழு நிரபராதி அல்ல. நம் தமிழ் நம்மைக் கவிழ்க்கும் இடங்களையும் பாருங்கள்.

தகவல்கள், அறிவுரைகள், செய்திகள், கருவிகள் என்று நமக்கு எல்லாவற்றுக்கும் ‘கள்’ போடலாம். அந்தப் பழக்கத்தில்தான் இன்ஃபர்மேஷன்ஸ், அட்வைசஸ், எக்விப்மென்ட்ஸ் எல்லாம் சரியாகத் தோன்றுகின்றன. இவற்றுக்கு ஆங்கிலத்தில் பன்மை கிடையாது. லக்கேஜ், ஃபர்னிச்சர், சீனரி, மெஷினரி எல்லாம் அதே வரிசை.

‘ஒவ்வொருவரும் வந்தார்கள்’ நமக்குச் சரி. ‘ஈச் ஆஃப் தி பாய்ஸ் ஹேவ்’ தவறு, ‘ஹேஸ்’.

‘மழை பெய்தாலும், ஆனாலும் போனோம்’ என்று அழுத்தத்துக்காகப் பேசுவோம். அந்த நாக்குத்தான் ‘ஆல்தோ’ போட்டபிறகும் ‘பட்’ கேட்கிறது. இரண்டில் ஒன்றுதான் வரலாம். ‘யெட்’ வந்தால் தேர்வில் தள்ளுபடி செய்வதில்லை.

‘என்னைவிட’ என்ற ஒரே சொல்லால் எல்லா ஒப்பீட்டையும் முடித்துவிடுகிறோம். அதனால் ‘சீனியர் தேன் மீ’ தவறாகத் தெரிவதில்லை. சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை, ‘டு’ கேட்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் நான்கும் ‘யர்’ என்று முடிகின்றன. அதை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம்.

எதிர்க்கட்சி:

ஹேப்பியர்?

கோப்புக்காரன்:

மாட்டிக்கொண்டேன். ‘ஹேப்பியர் தேன்’ தான் சரி. அது ‘ஹேப்பி’யிலிருந்து வந்தது. ‘சீனி’, ‘ஜூனி’ என்று தனிச் சொற்கள் கிடையாது. யரை வெட்டினால் மீதி ஒரு சொல்லாக நின்றால் ‘தேன்’, நிற்காவிட்டால் ‘டு’. இந்தத் திருத்தத்தோடு தீர்மானம் நிறைவேறியது.

ஓய்வுபெற்ற டீச்சர்:

தமிழ் எழுத்தில் எழுதுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. ‘எ’, ‘ஆன்’ இரண்டுக்கும் நான் வகுப்பில் வேறு எதையும் சொல்லித் தரமாட்டேன். ஒரு, ஓர் தெரியுமா என்றுதான் கேட்பேன். ஒரு வீடு, ஓர் ஊர். உயிரெழுத்துக்கு முன் ஓர். இப்போதெல்லாம் பத்திரிகையிலேயே ‘ஒரு ஊர்’ என்று எழுதுகிறார்கள், அது வேறு வயிற்றெரிச்சல்.

ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒரு, ஓர் போட்டுப் பாருங்கள். ஓர் அம்ப்ரெல்லா, ஓர் எம்எல்ஏ, ஓர் எஃப்ஐஆர்: ‘ஆன்’. ஒரு யூனிவர்சிட்டி, ஒரு யூனியன்: ‘எ’. மணி நேரத்தைக் குறிக்கும் சொல்லில் ஹெச் எழுத்து ஒலிக்காது, ‘அவர்’ என்றுதான் எழுதுவோம். எனவே ஓர் அவர். ‘ஓர் ஆனஸ்ட் மேன்’ அப்படியே. ஆங்கில எழுத்து மறைக்கும் ஒலியைத் தமிழ் எழுத்து காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர்க்கட்சி:

டீச்சர், மன்னிக்கவேண்டும், இரண்டு ஓட்டைகள். ‘ஒன் ருபீ காயின்’ என்று தமிழில் ஒகரம் போட்டு எழுதுகிறோம். ஓர் போட்டால் ‘ஆன்’ வந்துவிடும். உச்சரிப்பு ‘வன்’, எனவே ‘எ ஒன் ருபீ காயின்’ தான் சரி. இரண்டாவது, ‘ஐரோப்பியர்’ என்று எழுதிப் பழகியவர் ஓர் போடுவார். ஆங்கிலத்தில் அது ‘யூரோப்பியன்’, ஒரு.

ஓய்வுபெற்ற டீச்சர்:

இரண்டும் சரியான ஓட்டைகள்தான். மூன்றாவதை நானே சொல்கிறேன்: நம் ஊரில் பாதிப்பேர் எம்எல்ஏவை ‘யெம்மெல்லே’ என்பார்கள். அவர்கள் வாயில் அவர் ‘ஒரு’ ஆகிவிடுவார். காதுக்கு வைத்தியம் பார்க்கும்முன் நாக்குக்கும் பார்க்கவேண்டும்.

வங்கிக் கனவு:

இதெல்லாம் சாவகாசமாகப் பேச நன்றாக இருக்கிறது. வங்கி அதிகாரி வேலைக்கான ஐபிபிஎஸ் பிஓ முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 30 கேள்விகள், 20 நிமிடம். கேள்விக்கு 40 நொடி. அதில் பத்தியும் படிக்கவேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழாக்கி, ஒரு ஓர் போட்டு, யரை வெட்டிக்கொண்டிருந்தால் மணி அடித்துவிடும். தவறுக்குக் கால் மார்க் கழிவு வேறு.

கோப்புக்காரன்:

தேர்வுக் கூடத்தில் தமிழாக்கவேண்டாம். வீட்டில் செய்வதற்குத்தான் இந்த வழி. ஒரு நோட்டில் நடுவில் கோடு போடு. இடப்பக்கம் நீ தவறவிட்ட வாக்கியம். வலப்பக்கம் உன்னை ஏமாற்றிய தமிழ் வாக்கியம், அல்லது காப்பாற்றியிருக்கக்கூடிய தமிழ் வாக்கியம். விதியின் எண் வேண்டாம். அறுபது எழுபது வாக்கியம் சேர்ந்தபிறகு படித்துப் பார்த்தால், உன்னை ஏமாற்றுவது ஏழெட்டு இடங்கள்தான் என்று தெரியும். எனக்குப் பன்மையும் காலமும். உனக்கு வேறாக இருக்கலாம்.

கூடத்தில் ஒரே வரிசை: முதலில் வினைமுற்று, பிறகு அதன் எழுவாய், இரண்டும் பொருந்தினால் காலம், அப்புறம்தான் மற்றவை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவில் கமாவுக்குள் எது வந்தாலும் கையால் மூடிக்கொள். கேப்டன் வாக்கியம் மூன்று நொடியில் முடியும். நான்காவது வாக்கியமும் அப்படித்தான்: ‘நெய்தர்’, ‘நார்’ வந்தால் வினைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் யார் என்று மட்டும் பார். ஸ்டூடண்ட்ஸ் உட்கார்ந்திருக்கிறார்கள், எனவே ‘ஆர்’. இடம் மாறி டீச்சர் உட்கார்ந்தால் ‘இஸ்’.

எதிர்க்கட்சி:

எனக்கு அடிப்படையிலேயே ஒரு சண்டை இருக்கிறது. தேர்வில் ‘பிழை’ என்று சொல்லப்படுவதில் ஒரு பகுதி ஆங்கிலத்தில் பிழையே இல்லை. ‘நன் ஆஃப் தெம் ஆர்’ தவறு, ‘இஸ்’ தான் சரி என்று ஒரு விடைக்குறிப்பில் பார்த்தேன். ஆங்கிலேயர்கள் பல நூற்றாண்டுகளாக இரண்டையும் எழுதுகிறார்கள். உயரத்தை ஒப்பிடும் ‘டாலர் தேன் மீ’ தவறு, ‘தேன் ஐ’ என்றே எழுதவேண்டுமாம். இன்று அப்படிப் பேசுகிறவரைத் தேடித்தான் பிடிக்கவேண்டும். நாம் படிப்பது ஆங்கிலமா, பழைய இலக்கணப் புத்தகத்தின் ஆவியா?

கோப்புக்காரன்:

ஆவிதான். நியாயமான கோபம். ஆனால் தேர்வு எழுதும் ஒரு மணி நேரத்துக்கு அந்த ஆவியோடு சமாதானமாகப் போவது நல்லது. நான் செய்தது இதுதான்: ‘நன்’ போன்ற தகராறான இடத்தைப் பார்த்தால் உடனே குறிக்காமல் மற்றத் துண்டுகளைப் படிப்பேன். யாரும் மறுக்கமுடியாத பிழை அங்கே இருந்தால் அதுவே விடை. ஒன்றுமே இல்லாவிட்டால் ஆவிக்குப் படையல் வைப்பேன். தற்காலிக விடைக்குறிப்பு வந்தபின் ஆட்சேபிக்கலாம், அந்தக் கதவு திறந்திருக்கிறது.

ஓய்வுபெற்ற டீச்சர்:

‘அன்லெஸ்’ பற்றி யாரும் பேசவில்லையே. ‘அன்லெஸ் யூ டோன்ட் ஸ்டடி’ என்று எழுதாத மாணவனை நான் பார்த்ததில்லை. ‘படிக்காவிட்டால்’ என்ற சொல்லுக்குள்ளேயே ‘ஆ’ என்ற எதிர்மறை ஒளிந்திருக்கிறது. ‘அன்லெஸ்’ அந்த முழுச் சொல்லுக்கும் ஈடு. அதன்மேல் ‘டோன்ட்’ போட்டால் ‘படிக்காமலிருக்காவிட்டால்’ என்று ஆகும். அப்படி யாராவது திட்டினால் பிள்ளை சிரிக்கும்.

சிவகாசி மத்தாப்பு:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

நோட்டு வாங்கவில்லை. அப்பா அச்சகத்தில் வேலை பார்க்கிறார். நாட்காட்டிக்குத் தேதி அச்சிட்டதில் மை பரவி ஒதுக்கிய தாள்கள் கட்டுக் கட்டாக வீட்டில் கிடக்கும். உள்ளங்கை அகலத் தாள், பின்பக்கம் வெள்ளை. ஒரு தாளுக்கு ஒரு வாக்கியம்: மேலே ஆங்கிலம், கீழே என்னை ஏமாற்றிய தமிழ். 83 தாள் சேர்ந்தன. நேற்று தரையில் பரப்பி இனம் பிரித்தேன். அண்ணா சொன்னதுபோல் எட்டுக் குவியல்தான் வந்தது. மிக உயரமான குவியல், நம்பமாட்டீர்கள், ‘ஆக’. இருபத்தொரு தாள்.

இன்று காலை எழுதிய மாதிரித் தேர்வில் பிழைக் கேள்வி ஐந்தில் நான்கு சரி. ஒன்றில் மறுபடியும் ‘நோ எரர்’ போட்டு விழுந்தேன். ‘ஹி இஸ் ஒன் ஆஃப் தோஸ் பாய்ஸ் / ஹூ ஒர்க்ஸ் / வெரி ஹார்ட்’. ‘ஒன் ஆஃப்’ வந்தால் வினை ஒருமை என்றுதானே இங்கே பேசினோம்? ‘ஒர்க்ஸ்’ எப்படித் தவறாகும்?

ஓய்வுபெற்ற டீச்சர்:

தாளின் கீழ்ப்பக்கத்தில் தமிழை எழுதிப் பார்த்தாயா தம்பி? ‘கடினமாக உழைக்கிற பையன்களில் அவன் ஒருவன்.’ ‘உழைக்கிற’ என்ற பெயரெச்சம் யாரோடு ஒட்டி நிற்கிறது? பையன்களோடு. உழைப்பவர்கள் பலர், அவர்களில் இவன் ஒருவன். ஆகவே ‘ஹூ ஒர்க்’. ஒருமை வினை ஏற்கெனவே ‘ஹி இஸ்’ என்று வந்துவிட்டது.

‘ஹி இஸ் தி ஒன்லி ஒன் ஆஃப் தோஸ் பாய்ஸ்’ என்று வந்தால் ‘அந்தப் பையன்களில் உழைக்கிற ஒரே ஒருவன் அவன்’. இப்போது ‘உழைக்கிற’ இடம்பெயர்ந்து ‘ஒருவன்’ பக்கம் வந்துவிட்டது பார். அப்போது ‘ஹூ ஒர்க்ஸ்’.

சிவகாசி மத்தாப்பு:

84ஆவது தாள் எழுதிவிட்டேன் டீச்சர். ‘உழைக்கிற’ என்பதன் கீழே சிவப்புக் கோடு.

நூறு விதி நாயகன்:

இது என் பிடிஎஃப்பில் 47ஆம் விதி. நானே மூன்று முறை தவறாகப் போட்டிருக்கிறேன். தம்பி, அந்தத் தாள்களைப் படம் எடுத்து இங்கே போட முடியுமா?

சிவகாசி மத்தாப்பு:

போடுகிறேன் அண்ணா. கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பின்பக்கத்து மை ஊறி சில தாள்களில் ராகுகாலமும் சேர்ந்து தெரியும், பரவாயில்லையா?